பொரிக்கு அடியில்

1

ஆயுத பூஜைக்கு இந்த ஊரில் லீவு கிடையாது. சுற்றிலும் ஆப்பிள் தோட்டங்கள், நடுவில் நான்கைந்து தொழிற்சாலைகள் என்று ஜெர்மனியின் தெற்கே இருக்கும் சின்ன ஊர் இது. இங்கே வந்ததிலிருந்து ஒவ்வொரு வருடமும் வேலை விட்டு வந்து, லேப்டாப்புக்கும் மிக்சிக்கும் சைக்கிளுக்கும் அவசரமாகப் பொட்டு வைத்து, புகைக்கு அலாரம் அலறிவிடுமோ என்ற பயத்தில் சூடத்தைக் காட்டியும் காட்டாமலும் அணைத்து, வாட்ஸப்பில் ஒரு படம் போட்டுவிட்டால் என் கடமை முடிந்துவிடும். என் மூத்தவள் யாழினிக்கு ஒன்பது வயது. ‘மெஷின்களுக்குப் பிறந்தநாள்’ என்று தன் வகுப்பில் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாள். நானும் திருத்தவில்லை. திருத்த உட்கார்ந்தால் ஜெர்மன் மொழியில் சரஸ்வதியிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்த வருடப் பூஜைக்கு அப்பாவும் அம்மாவும் என்னோடு இங்கே இருந்தார்கள். பூஜையன்று சாயங்காலமும் மறுநாள் காலையும் நடந்ததை எங்கேயாவது எழுதி வைக்காமல் எனக்கு வேறு வேலை ஓடவில்லை. ஓசூர்ப் பக்கம் கம்பெனிக்குப் போகிறவர்கள் இதைப் படித்தால் பாதியிலேயே என்னைத் திட்டத் தொடங்குவார்கள். திட்டட்டும்.

2

அப்பா பெயர் மாதப்பன். உத்தனப்பள்ளிக்காரர். தாத்தா காலம் வரைக்கும் பிறத்தியார் நிலத்தில் கூலி வேலைதான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக ஷிப்டு பஸ் ஏறியவர் அப்பா. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் டூல் ரூமில் வேலை. வருடக்கணக்காக அவர் கையில் இருந்தது ஒரு மைக்ரோமீட்டர். தலைமுடியின் தடிமனைக்கூட அளந்து சொல்லும் இரும்புக் கருவி, உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. கம்பெனியின் பொருள்தான். ஆனால் அப்பா இருக்கும்போது வேறு யாரும் அதை எடுக்க மாட்டார்கள்.

எங்கள் பக்கத்துக் கம்பெனிகளில் லீவுக்கு முந்தின நாளே பூஜையை முடித்துவிடுவார்கள். மெஷினைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஆளுக்கொரு பொரிப் பொட்டலம், ஸ்வீட் பாக்ஸ், ஒரு எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து அனுப்புவார்கள். மறுநாள் அவரவர் வீட்டில் பூஜை. கம்பெனிப் பூஜையன்று அப்பா அந்த மைக்ரோமீட்டரை மஞ்சள் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்து வருவார். சோறு போடுகிற பொருள் ஒரு நாளாவது வீட்டு விளக்கு முன்னால் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்குப் பக்கத்தில் என் பாடப் புத்தகங்களை அடுக்குவோம். லீவு முடிந்து போகும்போது பொட்டோடு எடுத்துப் போய் அதன் இடத்தில் வைத்துவிடுவார். டூல் ரூமில் இப்படிச் செய்தவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

சூப்பர்வைசர் ஆனேக்கல்காரர், கன்னடம் பேசுகிறவர். “ஆய்து மாதப்பா, தகொண்டு ஹோகு. மரீபேட, வாபஸ் தந்துபிடு” என்று சிரித்துக்கொண்டே தலையாட்டுவாராம். எடுத்துப் போ, மறக்காமல் திருப்பிக் கொண்டு வா என்று அர்த்தம். இதற்குப் போய் கேட் பாஸ் எழுதி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமி காரியத்துக்கு என்ன கேட் பாஸ் என்ற நினைப்பு.

நான் ஜெர்மனிக்கு வந்த மறுவருடம் அந்தக் கம்பெனியில் செக்யூரிட்டி ஏஜென்சியை மாற்றினார்கள். பழைய வாட்ச்மேன்களுக்கு எல்லோரையும் தெரியும். பூஜையன்று பையைத் தொடவே மாட்டார்கள். புதியவர்கள் ஒவ்வொரு பையாகக் கொட்டிப் பார்த்தார்கள். அப்பாவின் பையில் மேலே பொரி, அதற்கு அடியில் ஸ்வீட் பாக்ஸ், அதற்கும் அடியில் மஞ்சள் துணிச் சுருட்டு இருந்தது.

கம்பெனிப் பொருளைப் பொரிக்கு அடியில் ஒளித்து வைத்துத் திருட முயன்றார் என்று சார்ஜ் ஷீட் கொடுத்தார்கள். கம்பெனிக்குள்ளேயே ஒரு விசாரணை நடந்தது. திருடவில்லை என்றால் எதற்கு அடியில் வைத்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். “கனமான பொருளை மேல வெச்சா பொரி நசுங்கிடுங்க சார்” என்று அப்பா சொல்ல, அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சூப்பர்வைசரைக் கூப்பிட்டுக் கேட்டபோது தான் எந்த அனுமதியும் தரவில்லை என்று சொல்லிவிட்டார். தந்ததாகச் சொன்னால் விதியை மீறியவர் அவராகிவிடுவார். அப்பாவை டிஸ்மிஸ் செய்தார்கள்.

போனில் அம்மாதான் அழுதுகொண்டே சொன்னார். அப்பா அந்த சூப்பர்வைசரைக்கூட ஒரு வார்த்தை ஏசவில்லை. “அவருக்கும் புள்ளைங்க இருக்குது. அவரை என்னாத்துக்கு சொல்றது” என்றார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. சும்மா விடக்கூடாது, கேஸ் போடுங்கள் என்று இங்கிருந்து துள்ளியவள் நான்.

3

கேஸ் லேபர் கோர்ட்டுக்குப் போனது. அப்புறம் வாய்தா, வாய்தா, வாய்தா. ஒவ்வொன்றுக்கும் அப்பா வெளுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு விடியற்காலையில் சேலம் போகப் பஸ் ஏறுவார். மற்ற நாட்களில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பெரிய கம்பெனி எதிலும் அவரை உள்ளே விடவில்லை. திருட்டில் மாட்டியவர் என்ற பேச்சு அவருக்கு முன்னாலேயே எல்லாக் கேட்டுக்கும் போய்விட்டிருந்தது. அம்மா தக்காளி பறிக்கப் போனார்.

என் கணவர் வீட்டார் திருநெல்வேலிப் பக்கம். அவர்களிடம் அப்பா வி.ஆர்.எஸ். வாங்கிவிட்டதாக நானே சொல்லி வைத்தேன். ஒரு பொங்கலுக்கு மாமனார் போன் செய்து, “வி.ஆர்.எஸ். வாங்கிட்டு நிம்மதியா இருக்கியளா?” என்று அப்பாவைக் கேட்டிருக்கிறார். “இருக்கறங்க சம்பந்தி” என்று சொன்னாராம் அப்பா. பொய் சொல்லத் தெரியாத மனிதரை அதையும் சொல்ல வைத்தேன்.

இந்த வருடம் மாம்பழம் வரத் தொடங்கிய சமயத்தில் கம்பெனி வக்கீல் சமரசம் பேச வந்தார். கேஸை வாபஸ் வாங்கினால் நிறுத்தி வைத்திருந்த கிராஜுவிட்டியைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் விசாரணையின் முடிவை ஒத்துக்கொள்வதாக அப்பா கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வக்கீலம்மா கூடவே கூடாது என்றார். பழைய வாட்ச்மேன் ஒருவர், வருடாவருடம் அந்தக் கருவி வெளியே போய்த் திரும்பி வந்ததைச் சாட்சி சொல்ல ஒப்புக்கொண்டிருந்தார். ஜெயிக்கிற கேஸ், இன்னும் ஒரு வருடம் பொறுங்கள் என்றார். அப்பா வேலையைத் திரும்பக் கேட்கவில்லை, அதற்கு வயதும் தாண்டிவிட்டது. இவர் திருடவில்லை என்று யாராவது எழுதித் தர வேண்டும், அவர் கேட்டது அவ்வளவுதான்.

அதே சமயம் எனக்கு இங்கே ஒரு நெருக்கடி. சின்னவனுக்கு ஒரு வயது, குழந்தைக்காக எடுத்திருந்த லீவு முடிந்து நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். என் கணவருக்கு வேறு ஊரில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவார். குழந்தைகள் காப்பகத்தில் இடம் கேட்டு அவன் வயிற்றில் இருக்கும்போதே பதிந்து வைத்திருந்தேன். ஆனாலும் குளிர்காலத்துக்கு முன்னால் இடமில்லை என்று மிக மரியாதையாக ஒரு கடிதம் வந்தது. அம்மா வந்து மூன்று மாதம் இருந்தால் சமாளித்துவிடலாம். அம்மா அப்பாவை விட்டு வர மாட்டார். அப்பா வாய்தாவை விட்டு வர மாட்டார்.

போன் போட்டேன்.

“அப்பா, அவங்க குடுக்கறதை வாங்கிட்டு முடிச்சுடுங்க. இன்னும் எத்தனை வருஷம் அலைவீங்க?”

“அலையறது எனக்கு ஒண்ணும் இல்லம்மா. வாட்ச்மேன் வந்து சொல்றன்னு இருக்கறாரு. ஒரு வருஷம் பாத்துடலாம்.”

“எனக்கு ஒரு வருஷம் இல்லப்பா. என் வேலை போயிடும்.”

“வேலை போனா கஷ்டம்தான்” என்றார். குத்திக் காட்டச் சொன்னதல்ல. உண்மையாகவே எனக்காக வருத்தப்பட்டார்.

அப்போதுதான் நான் அதைச் சொன்னேன்.

“என்னதான் இருந்தாலும் எடுத்தது எடுத்ததுதானேப்பா. எழுதி வாங்காமத்தானே எடுத்தீங்க? ஒத்துக்கிட்டா என்ன கொறைஞ்சுடும்?”

அந்தப் பக்கம் அம்மா பாத்திரம் விளக்கும் சத்தம் மட்டும் கேட்டது. “அப்பா, அப்பா” என்று கூப்பிட்டேன்.

“சரிம்மா. கையெழுத்து போட்டுடறன். நீ அழுவாத” என்றார்.

நான் அழவில்லை. அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று யோசிக்கவும் இல்லை. போனை வைத்த கையோடு விசா அப்பாயின்ட்மென்ட் தேடக் கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

4

பெற்றோரை வரவழைக்க, அவர்கள் செலவுக்கெல்லாம் நான் பொறுப்பு என்று இங்குள்ள வெளிநாட்டவர் அலுவலகத்தில் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், வீட்டின் அளவு எல்லாம் கேட்பார்கள். கவுண்டரில் இருந்த அம்மாள், “அப்பா என்ன செய்கிறார்?” என்று கேட்டார். ஓய்வு பெற்றவர் என்று சொல்ல வேண்டியதுதான். இத்தனை வருடம் பேசிய ஜெர்மன் அந்த நேரம் பார்த்துக் காலை வாரிவிட்டது. “அவர் முடித்துக்கொண்டார்” என்று உளறினேன். எதை முடித்துக்கொண்டார் என்பதுபோல் அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு தானாகவே புரிந்துகொண்டு, ஓய்வு பெற்றவர் என்று தட்டினார். நான் நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் கடைசியில் இருவரும் வந்து சேர்ந்தார்கள். அம்மா மறுநாளே சமையலறையைக் கைப்பற்றிவிட்டார். சின்னவன் பாட்டி இடுப்பை விட்டு இறங்கவில்லை. நான் நிம்மதியாக வேலைக்குப் போனேன்.

அப்பாவிடம்தான் ஏதோ சரியில்லை. சூப்பர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப் போனால் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். “தக்காளி எப்படி இருக்குதுன்னு பாருங்கப்பா” என்றேன். ராயக்கோட்டை தக்காளி பார்த்த மனிதர், நான்கு நொட்டை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “நீயே எடும்மா” என்றார். நாமே ஸ்கேன் செய்து பணம் கட்டும் மெஷின் பக்கம் வர மறுத்து, ஆள் உட்கார்ந்திருக்கும் நீண்ட வரிசையில் போய் நின்றார். பில்லைக் கேட்டு வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். துவைக்கப் போடும்போது அந்தச் சட்டைப் பையைப் பார்த்தேன். ரொட்டிக் கடை, மருந்துக் கடை, யாழினிக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்த வண்டி, நாங்கள் போன எல்லா இடத்துப் பில்லும் அதில் இருந்தது.

அன்றைக்கே வக்கீலம்மாவைக் கூப்பிட்டு, போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெற முடியுமா என்று கேட்டேன். “முடிஞ்ச கேஸைத் திரும்பத் தெறக்கறது லேசு இல்லீங்க மேடம். அன்னைக்கே சொன்னனே” என்றார். கொஞ்சம் தயங்கிவிட்டு, கையெழுத்துக்கு முன்னால் அப்பா கேட்ட ஒரே கேள்வியையும் சொன்னார். “இதுல எம் பொண்ணு பேரு எங்கயாச்சும் வருதாங்க?” வராது என்றதும் பேனாவை வாங்கிக்கொண்டாராம்.

யாழினி வேறு. அவளுக்குத் தமிழ் கேட்டால் புரியும், பதில் ஜெர்மனில் வரும். தாத்தாவும் பாட்டியும் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு நாள் பல் தேய்த்துக்கொண்டே, தாத்தா திருடினாரா என்று கேட்டாள்.

“இல்லை. தாத்தா திருடவே இல்லை.”

“அப்புறம் ஏன் ஆமாம்னு கையெழுத்து போட்டார்?”

வாயைக் கொப்பளி, பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிறது என்றேன். வேறு என்ன சொல்வது? உன் அம்மா போடச் சொன்னாள் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

5

ஏதாவது செய்து இதைச் சரிக்கட்ட வேண்டும் என்று எனக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. நானும் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில்தான் வேலை பார்க்கிறேன், தரப் பரிசோதனைப் பிரிவில். பர்கூர் காலேஜில் என்னைப் படிக்க வைத்து இங்கே அனுப்பியது அந்த டூல் ரூம் சம்பளம். பூஜையன்று மேனேஜரிடம் போய், எங்கள் பண்டிகைக்காக ஒரு மைக்ரோமீட்டரை வீட்டுக்கு எடுத்துப் போய் நாளைக் காலை கொண்டு வரட்டுமா என்று கேட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே, எடுத்துக்கொள் என்றார். பையில் போட்டுக்கொண்டு கேட்டைக் கடந்தேன். இத்தனை வருடத்தில் இந்தக் கேட்டில் என் பையை ஒருவரும் திறக்கச் சொன்னதில்லை என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

மஞ்சள் துணி கிடைக்கவில்லை. யாழினியின் பழைய மஞ்சள் டி-ஷர்ட்டைக் கத்தரித்துச் சுற்றி, விளக்கு முன்னால் அவள் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அப்பாவைக் கூப்பிட்டுத் துணியைப் பிரித்துக் காட்டினேன். கண் கலங்குவார், என் தலையில் கை வைப்பார் என்றெல்லாம் நினைத்து வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

“நீங்களே பொட்டு வைங்கப்பா.”

அவர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“இது யாருது?”

“எங்க கம்பெனிது. உங்களுக்காகத்தான் எடுத்துட்டு வந்தேன்.”

“கேட்டியா?”

“கேட்டேன்பா. மேனேஜர் எடுத்துக்கன்னு சொன்னாரு.”

“எழுதிக் குடுத்தாரா?”

“வாயாலதான் சொன்னாரு. இங்கெல்லாம் அவ்வளவுதான்பா.”

“எனக்கும் வாயாலதாம்மா சொன்னாங்க.”

அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, “நல்ல நாளும் அதுவுமா இதைக் கொண்டாந்து வெச்சிருக்கறியே, உனக்கு அறிவு இருக்குதாடி?” என்று என்னை ஒரு பிடி பிடித்தார். பொட்டு நான்தான் வைத்தேன். அப்பா அதைத் தொடவில்லை. சூடம் காட்டும்போது சாமியைப் பார்க்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிட்டு முடித்ததும், வாசற்கதவு பூட்டியிருக்கிறதா என்று போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

6

மறுநாள் காலை நான் எழுந்தபோது அப்பா குளித்து, ஸ்வெட்டரும் ஷூவும் போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். மடியில் அவருடைய பை. ஓசூரில் வேலைக்கு எடுத்துப் போன அதே பழைய ஷிப்டுப் பை.

“வா, போயி வெச்சுட்டு வந்துடலாம்.”

“நீங்க எதுக்குப்பா? நான் வேலைக்குத்தானே போறேன், கொண்டு போய் வெச்சுடறேன்.”

“இல்ல, நானும் வர்றன். அது எங்கிட்டயே இருக்கட்டும். யாராச்சும் கேட்டா நான் பேசிக்கறன்.”

யார் கேட்கப் போகிறார்கள், எந்த மொழியில் பேசுவார் என்று நான் கேட்கவில்லை. என் கூட வேலை பார்ப்பவர்களுக்கென்று அம்மா கட்டி வைத்திருந்த பொரி கடலைப் பொட்டலமும் அவர் பையிலேயே இருந்தது. பஸ்ஸில் அந்தப் பையை இரண்டு கையாலும் பிடித்தபடி ஜன்னல் பக்கம் திரும்பாமல் வந்தார்.

எங்கள் கேட்டில் காலையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், நான் உள்ளே போய்விடுவேன். அன்றைக்கும் தலையசைத்தார். நான் அப்பாவிடமிருந்து கருவியை வாங்கக் கை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி நேராக அந்தப் பெண்மணி முன்னால் போய் நின்றார். யாரும் கேட்காமலே பையை மேஜைமேல் வைத்து, ஜிப்பை முழுசாகத் திறந்து, விரித்துக் காட்டினார்.

மைக்ரோமீட்டர் மேலே இருந்தது. யார் கண்ணிலும் முதலில் படுகிற மாதிரி, மஞ்சள் துணியைக்கூடப் பிரித்து வைத்திருந்தார். அதற்கு அடியில் பொரி நசுங்கிக் கிடந்தது.

அந்தப் பெண்மணி பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் அப்பா என்று சொன்னேன். அவர் சிரித்து, சரி, சரி, போகலாம் என்று கையைக் காட்டினார்.

அப்பா நகரவில்லை. மைக்ரோமீட்டரை எடுத்து மேஜைமேல் தனியாக வைத்துவிட்டு, பையை இன்னும் கொஞ்சம் அந்தப் பெண்மணி பக்கம் தள்ளினார்.

“அடியிலயும் பாக்கச் சொல்லும்மா.”

“அவங்க பாக்க வேணாம்னு சொல்றாங்கப்பா.”

“இல்ல. பாக்கச் சொல்லு.”

தயவுசெய்து என் அப்பாவின் பையில் அடிவரைக்கும் பாருங்கள் என்று ஜெர்மனில் சொன்னேன். இந்த முறை மொழி என்னைக் கைவிடவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் சரியாக வந்தது. அந்தப் பெண்மணி குழம்பிப்போய்ப் பைக்குள் கையை விட்டார். பிய்ந்த பொட்டலத்திலிருந்து ஒரு கை பொரி வந்தது. தனக்குத் தரத்தான் இவ்வளவு நேரம் நிற்கிறார் என்று நினைத்திருக்க வேண்டும், வாயில் போட்டு மென்று, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டினார்.

“என்ன சொல்றாங்க?” என்று அப்பா கேட்டார்.

கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து என் வாயிலிருந்து வந்திருக்க வேண்டியது அப்போதுதான் வந்தது.

“நீங்க திருடலப்பா.”

அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அது இருக்கட்டும். அவங்க என்ன சொல்றாங்க?”

“ஒண்ணும் இல்லன்னு சொல்றாங்கப்பா.”

அவர் பையை இழுத்து ஜிப்பை மூடினார். பொட்டு அழியாமல் மைக்ரோமீட்டரைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

“போயி அதனோட எடத்துல வெச்சுட்டு, வெளிய வந்து சொல்லும்மா. அதுவரைக்கும் நான் இங்கயே நிக்கறன்.”